உட்கார்ந்தே வளர்ந்த ஊரும் முட்டிக்குப் போட்ட கட்டும்

சிவகாசிப் பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் போகுமுன் வாசலிலேயே விட்டுவிட வேண்டிய சாமான்கள் சில உண்டு. செல்போன், பீடி, தீப்பெட்டி ஆகியவை யாரும் சொல்லாமலே தெரிந்தவை. இரும்பு ஆணி அடித்த செருப்பு ஆகாது. இரும்புக் கரண்டி ஆகாது. நைலான், பாலியெஸ்டர் உடுப்பு ஆகாது. உராய்ந்தால் அதில் நிலைமின்சாரம் ஏறும், மருந்து பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். அதனால் பருத்திதான். ‘மருந்து உராய்வில் வெடி விபத்து’ என்று செய்தித்தாளில் மாதம் ஒருமுறை படிக்கிற ஊரில் இந்த விதிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு, மெடிக்கல் கடையில் தொங்கும் ‘நீ கேப்’ ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வெளித்துணி நைலான். உள்ளே செயற்கை ரப்பர். இழுத்துக் கட்டும் பட்டை வெல்க்ரோ. பிரிக்கும்போது சர்ரென்று கிழிகிற ஓசை வரும். கொஞ்சம் விலை கூடியதாக இருந்தால் இரு பக்கமும் கீல் வைத்த உலோகத் தகடு. வாசலில் தடுக்கப்படுகிற பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரு முழங்கால் உறைக்குள் கூடி உட்கார்ந்திருக்கின்றன.

முட்டிக்குக் கட்டு போடும் வழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. எந்த முட்டிக்கு, என்ன கட்டு, யார் போட்டது என்பதில்தான் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதைத் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1923-ஆம் ஆண்டை இந்த வட்டாரம் மறக்க முடியாது. விருதுபட்டி என்ற ஊர் விருதுநகர் ஆனது அந்த ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டு கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்ட பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் திரும்பி வந்து சிவகாசியில் தொழிலைத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். ஸ்வீடன் தீப்பெட்டி நிறுவனம் விம்கோ என்ற பெயரில் இந்தியாவில் கால் வைத்ததும் அப்போதே. ஒருபக்கம் எந்திரம், மறுபக்கம் கை. மழை குறைந்த கரிசல் காடு, விளைச்சலை நம்ப முடியாத சம்சாரி வீடுகள், காய வைத்தது ஈரம் கோக்காத வெயில். கைத்தொழில் ஊன்றிக்கொள்ள வேறென்ன வேண்டும்?

கைத்தொழில் என்று பெயர் இருந்தாலும் அதில் உட்காருவதுதான் பாதி வேலை. மரச் சட்டத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு குச்சியாக அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், குச்சியைப் பெட்டியில் அடைப்பதும் தரையில் நடந்த வேலைகள். பின்னால் பட்டாசு வந்தபோது தாள் உருட்டுவதும், திரி வைப்பதும், சரம் பின்னுவதும் அதே தரைக்கு வந்தன. இதற்கெல்லாம் மேசை வேண்டாம், நாற்காலி வேண்டாம். ஒரு சாக்கை விரித்தால் பட்டறை. வீட்டுத் திண்ணையும் பட்டறை, வேப்பமர நிழலும் பட்டறை. முதல் போட ஆளில்லாத ஊரில் ஒரு தொழில் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்தச் சிக்கனம் ஒரு பெரிய காரணம். நாற்காலி வாங்காமல் மிச்சப்பட்ட காசை யார் கொடுத்தார்கள் என்பதை அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அரசும் தன் பங்குக்குத் தரையைக் காப்பாற்றியது. 1934-இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. நாளடைவில் கையால் செய்கிற சிறு ஆலைகளுக்கு வரியில் சலுகை, எந்திர ஆலைக்குக் கூடுதல் வரி என்று ஏற்பாடு அமைந்தது. வேலைவாய்ப்பைக் காப்பதுதான் நோக்கம். அது நிறைவேறவும் செய்தது. கூடவே, குச்சி அடுக்குகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தரையிலேயே இருந்தார்கள்.

உட்காருவதிலும் வகை உண்டு. சம்மணம் ஒன்று. ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டுவது ஒன்று. குத்தவைத்து உட்காருவது ஒன்று. இடுப்பு கடுத்தால் சம்மணத்திலிருந்து குத்தவைப்புக்கும், கால் மரத்தால் மறுபடி சம்மணத்துக்கும் மாறிக்கொள்வார்கள். எழுந்து நாலடி நடந்துவிட்டு வரலாமே என்றால், கூலி எண்ணிக்கைக்கு. எழுந்தால் எண்ணிக்கை குறையும்.

முழங்காலின் கணக்கு வேறு மாதிரி. சமதரையில் நடக்கும்போது முட்டிச் சில்லின் மேல் விழுகிற அழுத்தம் உடல் எடையில் ஏறக்குறையப் பாதி. படியேறும்போது அது எடையைப் போல மூன்று மடங்கைத் தாண்டும். ஆழமாக மடக்கி எழும்போது ஏழெட்டு மடங்கு. 50 கிலோ எடையுள்ள ஒருவர் குத்தவைத்து எழும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னச் சில்லு ஏழெட்டு ஐம்பது கிலோ மூட்டையைத் தாங்கி இறக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எலும்பு முனைகளின் மேல் வழவழவென்று படர்ந்திருக்கும் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. தேய்ந்தால் தோலைப் போல மறுபடி வளராது. ‘ஜவ்வு தேஞ்சிருச்சு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் முட்டியின் உட்பக்கம் முதலில் தேயும். தேயத் தேயக் கால் வெளிப்பக்கம் வளையும். வளைந்த கால் உட்பக்கத்தையே மேலும் நசுக்கும். வயதான பெண்கள் சிலர் இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்து போவதைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்களுக்கு இதற்குப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

தரைதான் காரணம் என்று மட்டும் சொன்னால் அது அரைக் கதை. வயது, உடல் எடை, மாதவிடாய் நின்ற பிறகான வருடங்கள், பழைய அடி எல்லாம் சேர்ந்துதான் மூட்டைத் தேய்க்கின்றன. ஆனால் தரைக்கும் சாட்சி இருக்கிறது. பெய்ஜிங் நகரத்து முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. இருபத்தைந்து வயதில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குத்தவைத்து உட்கார்ந்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டார்கள். அப்போது அதிக நேரம் குத்தவைத்தவர்களுக்கு முதுமையில் முழங்கால் தேய்மானம் அதிகம் இருந்தது. இந்தியாவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பதைத் தாண்டியவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகக் கணக்கிட்டது. பெண்களுக்கே கூடுதல்.

இருபத்தைந்து வயது என்று பெய்ஜிங்கில் கேட்டார்கள். சிவகாசியில் கேட்டால் எட்டு வயது, பத்து வயது என்று பதில் வரக்கூடிய ஒரு தலைமுறை இன்னும் இருக்கிறது. விடியுமுன் கிராமத்துக்கு வந்து நின்ற ஆலை வண்டியில் ஏறிப்போன பிள்ளைகள் அவர்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. அபாயத் தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளைப் பற்றித் தொடங்கிய வழக்கு அது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது ஆகிறது, முட்டிக்கும் அதே வயதுதான்.

தீப்பெட்டித் தொழிலில் உடம்பின் ஓர் உறுப்புக்காகச் சட்டம் வந்த வரலாறும் உண்டு, அந்த உறுப்பு தாடை. வெள்ளைப் பாஸ்பரஸ் கலந்த தீக்குச்சி செய்தவர்களுக்கு ஐரோப்பாவில் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் 1888-இல் வேலைநிறுத்தம் செய்தபோது அந்த நோயும் பேச்சுக்கு வந்தது. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்யும் சட்டம் 1913-இல் பிறந்தது, சிவகாசியில் முதல் ஆலை வருவதற்குப் பத்தாண்டு முன்னால். ஆக, இந்த ஊர் தொழில் தொடங்கும்போதே தாடை தப்பித்துவிட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அதே 1923-இல் வந்தது. அதன் மூன்றாம் அட்டவணை தொழில்நோய்களின் பட்டியல். ஈய நஞ்சு அதில் இருந்தது, பாஸ்பரஸ் நஞ்சு இருந்தது. முழங்கால் தேய்மானம் அதில் இடம்பிடிக்கவில்லை.

வேறு நாட்டில் இடம்பிடித்தது. நிலத்தடியில் முட்டிபோட்டு நிலக்கரி வெட்டியவர்களின் முழங்கால் தேய்மானத்தைத் தொழில்நோய் என்று பிரிட்டன் 2009-இல் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு கம்பளம் விரிப்பவர்களையும் தரை பதிப்பவர்களையும் சேர்த்தது. அங்கே அந்த வரியைச் சேர்க்கவே அத்தனை காலம் ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது பெரும்பாலான சுரங்கங்கள் மூடிக் கிடந்தன.

சட்டம் பார்க்காத முட்டியைப் பாட்டிகள் பார்த்துக்கொண்டார்கள். எருக்கிலையில் நல்லெண்ணெய் தடவி, சட்டியில் வாட்டி, முட்டியின் மேல் வைத்துப் பழைய வேட்டிக் கிழிசலால் சுற்றிக் கட்டுவது ஒரு கட்டு. நொச்சி இலையையும் தவிட்டையும் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துவிட்டு, அந்தச் சூடு இறங்குமுன் சுற்றுவது இன்னொன்று. முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்துச் சேர்ப்பது உள்ளுக்கு. முடக்கை அறுப்பதால் அந்தப் பெயர். சித்த மருத்துவம் இந்த நோயை ‘அழல் கீல்வாயு’ என்று அடையாளம் காண்கிறது. கீல் என்றால் மூட்டு. 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, தெற்கத்தி மாவட்டங்களில் இந்தப் பேச்சு பாட்டி வைத்தியத்திலிருந்து ஓ.பி. சீட்டுக்கு ஏறியது.

இந்தக் கட்டுகளின் வேலை வலியை ஆற்றுவது. சூடு, லேசான இறுக்கம், ‘யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற தெம்பு. இன்றைய எலாஸ்டிக் நீ கேப் செய்வதும் பெரும்பாலும் இதுதான் என்றால் அதை விற்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எலும்பைச் சேர்க்கிற கட்டு வேறு ஜாதி. மூங்கில் பத்தை வைத்து, உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசி, துணி சுற்றி இறுக்குகிற வேலை அது. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ‘புத்தூர் கட்டு’ என்று ஒரு போர்டு தொங்கும். அந்தப் புத்தூர் இப்போதைய ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கம். அன்றைக்குச் சென்னை மாகாணம். அங்கே கேசவ ராஜு என்பவர் 1881-இல் தொடங்கிய வைத்தியம் ஊர்ப்பெயரையே சிகிச்சையின் பெயராக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பாரிஸ் சாந்தில் போட்ட கட்டையும் நம் ஆட்கள் ‘மாவுக்கட்டு’ என்றே அழைத்தார்கள். டச்சு ராணுவ மருத்துவர் மத்தெய்சன் 1852-இல் வெளியிட்ட முறை அது. இங்கே வந்ததும் உளுந்து மாவின் பெயரைப் போட்டுக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை. நவீன முழங்கால் தாங்கியின் முப்பாட்டன் என்று சொல்லத்தக்க இரும்புச் சட்டத்தைச் செய்தவர் லிவர்பூல்காரர் ஹியூ ஓவன் தாமஸ். அவருடைய வீடும் பரம்பரை எலும்பு வைத்தியர் வீடுதான். அவரோ முறையாக மருத்துவம் படித்தார். காசநோயில் வீங்கிய முழங்காலை அசையவிடாமல் வைக்க அவர் செய்த சட்டம் 1875-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் தொடை எலும்பு நொறுங்கிய சிப்பாய்களைப் பிழைக்க வைத்ததும் அதே சட்டம். புத்தூரும் லிவர்பூலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தன.

தமிழ்நாட்டுத் தெருவுக்கு இரும்பும் தோலும் கலந்த கால்தாங்கி வந்தது இளம்பிள்ளை வாதத்தோடு. ‘கேலிப்பர்’ என்றால் எழுபது, எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லாருக்கும் தெரியும். வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது டக் டக்கென்று அதன் சத்தத்தோடு வரும். உட்காரும்போது முட்டிப் பக்கத்து வளையத்தை மேலே தூக்கிவிட வேண்டும், எழும்போது அது விழுந்து பூட்டிக்கொள்ளும். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையில் மேரி வர்கீஸ் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இந்தத் துறைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முகவரி தந்தது. அவரே 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்து வைத்தியம் பார்த்தவர். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011-இல் பதிவானார். கேலிப்பர் செய்த பட்டறைகளுக்குப் பிறகு வந்த பெரிய கூட்டம் தேய்ந்த முட்டிக்காரர்கள்.

அவர்களுக்கு வந்த பொருளின் பாகங்கள் வெவ்வேறு திசையிலிருந்து சேர்ந்தவை. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனியில் பிறந்தது. முக்குளிப்பவர்களின் உடையாகி, பிறகு முட்டிக்கு வந்தது. வெல்க்ரோ, நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்காயைப் பார்த்து ஸ்விட்சர்லாந்தின் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் செய்தது. நம் நாயுருவி வேட்டியில் ஒட்டுகிற அதே தந்திரம். காப்புரிமை 1955. இவற்றோடு கீலையும் தகட்டையும் சேர்த்து, தேய்ந்த பக்கத்திலிருந்து சுமையை மறுபக்கத்துக்குத் தள்ளுகிற தாங்கி பிற்பாடு வந்தது. தொடையில் ஒரு பிடி, கெண்டைக்காலில் ஒரு பிடி, முட்டியின் வெளிப்பக்கம் ஒரு தள்ளு. சாய்ந்த வாழைமரத்துக்கு முட்டுக்கொடுப்பது மாதிரி.

அது வேலை செய்கிறதா? கனடாவில் 119 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஆறு மாதம் பார்த்த சோதனை 1999-இல் வெளியானது. மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட நியோப்ரீன் உறை போட்டவர்கள் தேவலை. அவர்களைவிடச் சுமை மாற்றும் தாங்கி போட்டவர்கள் தேவலை. அதன் பிறகும் மருத்துவ உலகம் ஒருமனப்படவில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டி, நடையே தடுமாறுகிற அளவுக்கு நோய் முற்றியவர்களுக்குத் தாங்கியை அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் 2022 வழிகாட்டி எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்கிறது. மூட்டு நிலைகொள்ளாமல் ஆடி, தாங்கி இல்லாமல் உடற்பயிற்சியே செய்ய முடியாது என்றால் கொடுங்கள் என்கிறது. தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கட்டும் வளர்க்காது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

இந்தச் சோதனைகளில் ஒரு விஷயம் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. அவை நடந்த ஊர்களில் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து எழுகிறவர்கள். தாங்கி நிற்கும்போதும் நடக்கும்போதும் உதவுகிறது. சம்மணம் போட்டால் மேல்பட்டை தொடையைக் கவ்வும், கீழ்ப்பட்டை முழங்காலின் பின்மடிப்பில் குத்தும், உறை சுருண்டு கணுக்காலை நோக்கி இறங்கும். கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, சேலைக்குள் நியோப்ரீன் மாட்டினால் அரை மணியில் ஈரச் சாக்கு மாதிரி ஆகிவிடும், அரிப்பு தனி. ஜெய்ப்பூரில் பி.கே. சேத்தி என்ற மருத்துவரும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் 1968-இல் செயற்கைக் கால் செய்தபோது, அதைப் போட்டுக்கொண்டு குத்தவைக்க முடிய வேண்டும், சம்மணம் போட முடிய வேண்டும், வெறுங்காலோடு வயலில் இறங்க முடிய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டார்கள். மெடிக்கல் கடையில் தொங்குகிற முட்டிக்கட்டுக்கு அப்படி ஒரு சர்மா இன்னும் அகப்படவில்லை போலிருக்கிறது.

பருத்தியில் பின்னிய கிரேப் பேண்டேஜ் வாசல் விதிக்கு ஓரளவு ஒத்துவரும். ஆனால் அது மணிக்கொருமுறை தளரும், அவிழ்த்துக் கட்ட வேண்டும். அதற்கும் எழுந்திருக்க வேண்டும்.

கடைசிப் படி அறுவை. முழங்கால் மூட்டு மாற்று இப்போது பெருநகரத்துப் பணக்காரர்களுக்கு மட்டுமான சங்கதி இல்லை. 2009-இல் தொடங்கிய மாநிலக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பின்னால் அது கீழ்மட்டத்துக்கும் இறங்கியிருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியால் விருதுநகர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதும் குறைந்திருக்கிறது. ஆனால் மூட்டு மாற்றியவரிடம் மருத்துவர் முதலில் சொல்வது: ‘இனிமே தரையில உட்காராதீங்கம்மா.’ சரம் பின்னுகிற அம்மாளுக்கு அதன் அர்த்தம், வேலைக்குப் போகாதீர்கள் என்பதுதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். முட்டிக்காரர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற பயிற்சிக்குக் கருவி ஒன்றும் வேண்டாம். காலை நீட்டி, முட்டிக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைத் தரையோடு நசுக்குவது போல அழுத்த வேண்டும், தொடை இறுகும், ஐந்து எண்ணி விட வேண்டும். பத்துத் தடவை ஆனதும் அடுத்த கால். அது முடிந்தால் இரண்டாவது பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி இறக்குவது. அதற்கு ஒரு நாற்காலி எடுத்து வரச் சொல்வார். அந்த வீட்டில் நாற்காலி ஒன்று இருக்கும், வருகிற விருந்தாளிக்கென்று வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அப்போது அவர்தான் உட்கார்ந்திருப்பார்.